இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க முடியுமா, அம்மா? முடியாவிட்டால் பரவாயில்லை, இப்படியே பேசலாம். மூடிய அறை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டடம் எங்கள் துறையுடையதாக இருந்திருந்தால் இந்த ஒரு ஜன்னலும் இருந்திருக்குமா என்பது சந்தேகம். எதைக் கேட்டாலும் வெட்டிவிடுவதால் அலுவலகத்தில் எனக்குக் ‘கத்தரி’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாக வந்திருக்கிறேன். உலைக்கூடத்துப் பேராசிரியையின் மேல் எல்லாப் பழியும் விழுந்திருக்கிறது. மழைக்கு ஜன்னலைச் சாத்தவிட்டு, எரிகிற உலையோடு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார், அவர்கள் செத்துப்போனார்கள் என்ற அளவில் உங்கள் விசாரணை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அறிக்கையில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அவர் சிறைக்குப் போவார். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உதவியாளர் எழுதிக்கொள்ளட்டும். நிதானமாகவே சொல்கிறேன். எதையும் பதறாமல் சொல்கிறவன் என்று எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு.

தொழில்நுட்ப உயர்கல்வித் துறையில் திட்டமிடல் பிரிவு என் பொறுப்பு. எந்த ஊரில் எந்த நிறுவனம் வர வேண்டும், கட்டடத்துக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிற இடம். வெளியே இருப்பவர்களுக்கு அது கணக்கு வேலை மாதிரி தெரியும். உண்மையில் அது ‘இல்லை’ என்று சொல்கிற வேலை. கேட்பவர்கள் எல்லாரும் படித்தவர்கள், கேட்பதெல்லாம் நியாயமானது, கொடுக்கத்தான் பணம் இருக்காது. முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொன்னால் மேலே போய்ப் புகார் சொல்வார்கள். அதனால் எனக்கு முன்பிருந்தவர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ‘இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதிவிடுவோம்.

நான் அந்த நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து எந்தத் திட்டத்துக்கும் இரண்டாம் கட்டம் வந்ததில்லை. வராது. முதல் கட்டம் திறப்பு விழாவோடு முடிந்துவிடும். அதன் பிறகு வேறு அமைச்சர், வேறு திட்டம், வேறு பெயர்ப்பலகை. எங்கள் பிரிவில் இது எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் இளைய எழுத்தரிடம் கல்யாணம் எப்போது என்று யாராவது கேட்டால், “அது இரண்டாம் கட்டத்துல இருக்கு” என்பார். வயிறு குலுங்கச் சிரிப்போம். வெளியில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்ததை அவர்கள் நம்புவார்கள், அதிலும் பேராசிரியர்கள். கணக்கில் முதல் படி என்று ஒன்று இருந்தால் அடுத்த படி வந்துதானே ஆக வேண்டும். அவர்கள் பழகியது அப்படி.

அந்த வருடம் ஐந்து தொழில்நுட்ப நிறுவனங்கள் கட்டப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். அமைச்சர் மேடையில் ஆறு என்று சொல்லிவிட்டார். வாய் தவறியதா, வேண்டுமென்றே சொன்னாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கைதட்டல் விழுந்துவிட்டது, அதைத் திரும்பக் கொடுக்க முடியாது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, “ஆறாவதை எங்கேருந்தாவது எடுங்க. உங்களால முடியும்” என்றார்.

எடுத்தேன். திறப்பு விழாப் புகைப்படத்தில் எது தெரியாதோ அதையெல்லாம் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினேன். முகப்பு வளைவு தெரியும், அது இருக்கட்டும். பெரிய அரங்கம் தெரியும், அதுவும் இருக்கட்டும். சாக்கடை தெரியாது. உலோகவியல் பிரிவுக்கு ஓர் உலைக்கூடம் உண்டு. அதன் சுவரைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற புகைக்குழாய் தெரியாது, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறியும் தெரியாது. இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்ததில் ஆறாவது நிறுவனம் கிடைத்துவிட்டது. செயலாளர் நாலு பேர் முன்னால் என் தோளில் தட்டினார். அன்று வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பேராசிரியை என்னைப் பார்க்க நடையாய் நடந்தார். தோளில் ஒரு துணிப்பை, கையில் சுருட்டிய வரைபடம். வெளி பெஞ்சில் உட்கார்ந்து, நான் கூப்பிடும்வரை அந்த வரைபடத்தை மடியில் உருட்டிக்கொண்டே இருப்பார்.

“சார், குழாய் இல்லாம உலையைப் பத்தவைக்கவே கூடாது. அதுலேருந்து வர்றது வாசனையே இல்லாத வாயு சார். தலை சுத்துதேன்னு நினைக்கிறதுக்குள்ள ஆள் விழுந்துடும்.”

“இரண்டாம் கட்டத்துல இருக்கு மேடம். பணம் ஒதுக்கியாச்சு” என்றேன்.

பணம் ஒதுக்கியாச்சு என்பது பச்சைப் பொய். எங்கள் பிரிவில்கூட யாரும் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள், இரண்டாம் கட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் எழுந்து போனால் போதும் என்றிருந்தது எனக்கு, ஒரு வார்த்தை கூடுதலாக விழுந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ குழாய் வர்ற வரைக்கும் உலையை மூடியே வெச்சிருக்கேன் சார்” என்று எழுந்தார்.

அதற்கும் நான் விடவில்லை. வாங்கிய கருவி ஓடாமல் கிடந்தால் தணிக்கைக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேட்க ஆரம்பித்தால் ஆறாவது நிறுவனம் எங்கிருந்து முளைத்தது என்பதுவரை நோண்டுவார்கள். நிதியாண்டு முடிவதற்குள் உலை ஓடியாக வேண்டும், ஓடாவிட்டால் அந்தப் பிரிவையே மூட வேண்டியிருக்கும் என்று சொன்னேன். மிரட்டவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். “ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு நடத்துங்க மேடம். கொஞ்ச நாள்தானே.” ஜன்னல் யோசனை என்னுடையது, அம்மா. அவருடையது இல்லை. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அவர் அப்படியே நடத்தினார். எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து, சிலர் சிலராக உள்ளே அனுப்பி, தான் கதவோரமாகவே நின்றுகொண்டு நடத்தினார்.

இதுவரை சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனால் நிர்வாகக் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதுவீர்கள். நானே அந்த மாதிரி வரிகளை நிறைய எழுதியிருக்கிறேன். இனிமேல் சொல்லப்போவதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு எழவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அடுத்த வருடச் சேர்க்கையில் என் மகளுக்கு அந்த நிறுவனத்திலேயே உலோகவியலில் இடம் கிடைத்தது. சிபாரிசு ஒன்றும் இல்லை, அவள் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இரும்பு, செம்பு என்றால் கொள்ளை ஆசை. சமையலறையில் பாத்திரங்களைத் தட்டித் தட்டி, காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். “உன்னைப் பாத்திரக்கடைக்காரனுக்குத்தான் கட்டிக் கொடுக்கணும்” என்று அவள் அம்மா கிண்டல் செய்வாள்.

சேர்க்கை அன்று நானும் கூடப் போனேன். பேராசிரியை எங்களை உலைக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். குழாய்க்கென்று சுவரில் விட்டிருந்த ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மேலே பூசக்கூட இல்லை. பூச்சும் இரண்டாம் கட்டம். ஓர் உலை எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன, ஆனால் அன்று காற்று அசையவில்லை. என் மகள் உலையின் சின்னக் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்து வாய் பிளந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தெறித்தது.

அது எனக்குப் பழகிய வலி. நானும் உலோகவியல் படித்தவன்தான், அம்மா. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தத் துறைக்கு வருமுன் ஒரு வார்ப்பட ஆலையில் இருந்தேன். ஒருநாள் அடைத்த அறையில் உலையருகே நின்று வெப்பம் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டேன். கூட வேலை பார்த்தவர் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அவர் மட்டும் இழுக்காமல் விட்டிருந்தால் இன்று உங்களுக்கு இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

பேராசிரியை அன்றும் கேட்டார். “சார், இரண்டாம் கட்டம் எப்ப சார் வரும்? மழைக்காலத்துல ஜன்னலைத் திறக்க முடியாது. சாரல் நேரா உள்ள அடிக்குது.”

“வந்துட்டே இருக்கு மேடம்” என்றேன். என் மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டு, உலோகவியல் வேண்டாம், வேறு ஊரில் கணினி படி என்றேன். இரும்பில் எதிர்காலம் இல்லை, பெண்பிள்ளைக்கு உலை வேலை சரிப்படாது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். “அவ ஆசைப்பட்டது கிடைச்சிருக்கு. நடுவுல உங்களுக்கு என்ன வந்துச்சு?” அவளுக்கும் காரணம் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து இடம் மாற்றி வாங்கினேன். என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தாங்கிக்கொண்டேன். பெற்ற கடமையைச் செய்துவிட்டோம் என்று மனம் லேசாகத்தான் இருந்தது.

அவளை எடுத்ததில் அங்கே ஓர் இடம் காலியானது. வரிசையில் அடுத்து இருந்தவள் என் டிரைவரின் மகள்.

அவர் என்னைவிட மூத்தவர். நான் அவரை ‘அண்ணே’ என்பேன், அவர் என்னை ‘சார்’ என்பார். வருடக்கணக்காக ஒரே வண்டியில் போய் வந்தவர்கள். இடம் கிடைத்த அன்று இனிப்புப் பெட்டியோடு என் அறைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. “உங்க பாப்பா விட்ட இடம் சார். எங்க வீட்டுல காலேஜுக்குப் போற முதல் ஆளு இவதான். எல்லாம் உங்க புண்ணியம்” என்றார்.

அந்த நிமிடத்தில், வேண்டாம்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், அண்ணன் தங்கமான மனிதர், ஆனால் வாய் நிற்காது. சாயங்காலத்துக்குள் டிரைவர்கள் கூடி நிற்கிற மரத்தடிக்குப் போய்விடும், அங்கிருந்து செயலாளர் காதுக்குப் போய்விடும். அதனால் ஓர் இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றேன். அவர் வற்புறுத்தியதால் இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.

ஜன்னல்தான் திறந்திருக்கிறதே, பேராசிரியைதான் கண்ணும் கருத்துமாக இருக்கிறாரே என்று சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். சில நாள் இரண்டாம் கட்டம் நிஜமாகவே வந்துவிடும் என்றுகூடத் தோன்றும். நடுவில் வேறொரு திட்டத்தில் கொஞ்சம் பணம் மிஞ்சியது. அந்தக் குழாய்க்குத் தாராளமாகப் போதும், ஒரு விழாப் பந்தலின் செலவுகூட ஆகாது. எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் முதலிலேயே ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிக்கனத்துக்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது.

பிறகு மழை வந்தது. அன்று சாரல் உள்ளே அடித்து நோட்டெல்லாம் நனைகிறது என்று பிள்ளைகளே ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். பேராசிரியை கூட இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அவர் ஏன் அங்கே இல்லை என்றுதானே உங்கள் கேள்வி? உலை எவ்வளவு நேரம் ஓடியது என்ற விவரம் மதியத்துக்குள் வேண்டும் என்று நான்தான் போன் செய்திருந்தேன். அதை எழுத மாடிக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது மூன்று பிள்ளைகள் மேசையில் தலை வைத்துத் தூங்குகிற மாதிரி இருந்தார்களாம். தூங்குகிறார்கள் என்று நினைத்து முதலில் அதட்டியிருக்கிறார்.

எனக்குத் தகவல் வந்தபோது நான் வண்டியில் இருந்தேன். சொன்னவர் பெயர்களையும் சொன்னார். போனை வைத்துவிட்டு, வண்டியை அந்த நிறுவனத்துக்கு விடச் சொன்னேன்.

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். “அப்படியே பாப்பாவையும் ஒரு எட்டு பார்த்துடலாம் சார். மழையில சளி புடிச்சிருக்குன்னு சொன்னா.”

“பார்க்கலாம்ணே” என்றேன்.

வழியில் ஒரு மருந்துக்கடையைப் பார்த்ததும், “ஒரு நிமிஷம் சார்” என்று நிறுத்தி, குடை இல்லாமல் ஓடிப்போய்ச் சளிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். நனைந்துவிடக் கூடாது என்று மாத்திரையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வழி முழுக்க அவள் பேச்சுதான். இரும்பைச் சூடாக்கினால் நிறத்தை வைத்தே வெப்பம் சொல்லிவிடுகிறாளாம்.

சொன்னால் அவரால் ஓட்ட முடியாது. நான் எல்லாருக்கும் முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும். அதுதான் காரணம். போனதும் பேராசிரியையைத் தனியாகக் கூப்பிட்டேன். “ஜன்னல் மூடியிருந்துச்சு, நீங்க அங்க இல்லைன்னு மட்டும் சொல்லுங்க மேடம். குழாயைப் பத்திப் பேச வேண்டாம். மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்றேன். அவர் அதையும் நம்பினார். உங்களிடம் அதை மட்டுமே சொன்னார். அண்ணனுக்கு வாசலில் காவல்காரர் சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தம் நான் இருந்த அறைவரை கேட்டது. நான் வெளியே வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்றார். இன்றும் அவர்தான் என்னை இங்கே கொண்டு வந்து விட்டார். கீழே வண்டியில் இருக்கிறார். இறங்கும்போது, “அந்தப் பொம்பளையைச் சும்மா விடக் கூடாது சார். நல்லா அழுத்திச் சொல்லுங்க” என்றார். சரிண்ணே என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினேன்.

செய்தி வந்த அன்று என் மகள் ஊரிலிருந்து ஓடி வந்தாள். என் மடியில் தலை வைத்து அழுதாள். “நீங்க மட்டும் என்னை எடுக்கலைன்னா அந்த இடத்துல நான்தானேப்பா. எப்படிப்பா உங்களுக்குத் தோணுச்சு?” என்று கேட்டாள். “ஏதோ மனசுல பட்டுச்சும்மா” என்றேன். அன்றிலிருந்து தினமும் போன் செய்து சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். இவ்வளவு பிரியமாக அவள் என்னோடு பேசியதே இல்லை. அவள் குரலைக் கேட்கும்போது எனக்குக் கூசுகிறது.

எழுதியாயிற்றா? அப்படியானால் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். குழாயை வராமல் நிறுத்தியவன் நான். உலையைப் பற்றவைக்கச் சொன்னவன் நான். அந்த அறையில் ஆள் சாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் என் பெண்ணை எடுத்தேன், தெரிந்துதான் அண்ணன் பெண்ணை உள்ளே விட்டேன். பேராசிரியையை விட்டுவிடுங்கள். தண்டனை எவ்வளவானாலும் சரி, அதில் எதையும் குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கை வெளியானால் என் மகள் படிப்பாள். குழாய், உலை, போன், நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் தாராளமாகப் போடுங்கள். அவளை நான் அங்கிருந்து எடுத்த பகுதி மட்டும் இப்போது வேண்டாம், அம்மா. அதை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.